பொதுச் சூழல் மாறியை எந்த நிறுவி அழிக்க வேண்டும்?

ஒரே குழு உருவாக்கிய இரண்டு மென்பொருள்கள் ஒரு கணினியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வரைபடங்களைத் தொகுக்கும் கருவி. மற்றொன்று அவற்றை அச்சுக்கு ஆயத்தமாக்கும் கருவி. இரண்டுக்கும் தேவையான பொதுத் தரவுகள் ஒரு கோப்புறையில் இருக்கின்றன. அந்தக் கோப்புறை எங்கே இருக்கிறது என்பதை இரண்டு கருவிகளும் ஒரு சூழல் மாறியை, அதாவது நிரல்கள் படிப்பதற்காக இயங்குதளம் ஒரு பெயரில் வைத்திருக்கும் மதிப்பை, படித்தே அறிந்துகொள்கின்றன. தொகுப்புக் கருவி முதலில் நிறுவப்பட்டபோது அந்த மாறியை எழுதியது. அச்சுக் கருவி பிறகு வந்து, அதே மாறியில் அதே மதிப்பை மீண்டும் எழுதியது. சில மாதங்கள் கழித்துப் பயனர் தொகுப்புக் கருவியை நீக்குகிறார். அதன் நீக்க நிரல், தான் எழுதிய மாறியைப் பொறுப்பாக அழித்துவிட்டுச் செல்கிறது. அடுத்த முறை அச்சுக் கருவியைத் திறந்தால், தரவுக் கோப்புறையைக் காணவில்லை என்கிறது.

இதில் எந்த நிறுவியை, அதாவது மென்பொருளைக் கணினியில் ஏற்றவும் நீக்கவும் செய்யும் நிரலை, குறை சொல்வது? முதல் நிறுவி, தான் வைத்ததைத் தானே எடுத்துச் சென்றது. நல்ல நிறுவிக்கு அதுதானே இலக்கணம் என்று அதற்காக வாதாடலாம். அழிக்காமல் விட்டிருந்தாலோ, இரண்டு கருவிகளையும் நீக்கிய பிறகும், இல்லாத கோப்புறையைக் காட்டும் மாறி ஒன்று கணினியில் தங்கியிருக்கும். நிறுவிகளை எழுதுவதையே வேலையாகக் கொண்டவன் நான். ஆனால் இந்தக் கேள்வி வடிவமைப்புக் கட்டத்திலேயே எழுந்து நான் பார்த்தது மிக அரிது. மாறியை எழுத ஒரு வரி போதும் என்பதால், அதை ஒரு வேலையாகவே யாரும் எண்ணுவதில்லை. அழிக்கும் உரிமை யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று முடிவு செய்யாமல் ஒரு பொது மாறியை எழுதும் நிறுவி, முடிக்கப்படாத நிறுவி என்பதே என் கருத்து. அந்த முடிவை எப்படி எடுப்பது, எடுத்ததை எப்படிச் செயல்படுத்துவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பகுதி விண்டோஸைப் பற்றியது; சிக்கல் மிகுதியாக இருப்பதும் அங்கேதான்.

சூழல் மாறிகள் 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் வழியாகப் பரவலாயின. 1983இல் வந்த பிசி டாஸ் 2.0 அந்த ஏற்பாட்டைத் தனிநபர் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அக்கால நிறுவிகள், கணினி தொடங்கும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பின் இறுதியில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடும். நீக்குவது என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. இன்றைய விண்டோஸில் அந்தக் கோப்பின் இடத்தை, அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரி பிடித்துக்கொண்டது. கணினி முழுமைக்கும் உரிய மாறிகள் லோக்கல் மெஷின் கிளையின் கீழ், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், செஷன் மேனேஜர் என்று இறங்கிச் செல்லும் பாதையில் என்விரான்மென்ட் என்ற கீயில் (ரெஜிஸ்ட்ரியில் கோப்புறை போன்ற பிரிவில்) இருக்கின்றன. ஒவ்வொரு பயனருக்கும் உரியவை கரண்ட் யூசர் கிளையின் கீழ் அதே பெயருள்ள கீயில் இருக்கின்றன.

அந்தக் கீயில் ஒரு மாறிக்கு இருப்பவை பெயரும், எழுத்துகளால் ஆன ஒரு மதிப்பும், அந்த மதிப்பின் வகையும் மட்டுமே. யார் எழுதியது, எத்தனை மென்பொருள்கள் அதை நம்பியிருக்கின்றன என்ற குறிப்பு எங்கும் கிடையாது. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் டிஎல்எல் என்ற நூலகக் கோப்புகளுக்கு விண்டோஸில் ஷேர்டு டிஎல்எல்ஸ் என்ற ரெஜிஸ்ட்ரி கீ உண்டு. ஒரு கோப்பைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிறுவியும் அங்கே எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும், நீக்கும்போது ஒன்றைக் குறைக்கும், எண்ணிக்கை தீர்ந்தால் கோப்பை அழிக்கும். சூழல் மாறிகளுக்கு அப்படிப்பட்ட பொதுக் கணக்கேடு எதையும் இயங்குதளம் வைத்திருக்கவில்லை. ஆகவே கணக்கை நிறுவிகள்தாம் வைக்க வேண்டும். அல்லது கணக்கு வைக்கத் தெரிந்த ஒரு நிறுவல் அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும்.

கணக்குக்குப் போகும் முன், மாறியின் மதிப்பு ஒரு நிரலை எப்படிச் சென்றடைகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சோதனையின்போது பலரும் குழம்புவது இங்கேதான். ஒரு செயல்முறை, அதாவது இயங்கும் நிரல், தொடங்கும்போது, வழக்கமாக, தன்னைத் தொடங்கிய செயல்முறையின் சூழலை நகலெடுத்துக்கொள்கிறது. அதன்பின் ரெஜிஸ்ட்ரியில் நடக்கும் மாற்றம் எதுவும் அந்த நகலைத் தொடுவதில்லை. மாற்றம் நடந்தது என்று அறிவிக்க, செட்டிங் சேஞ்ச் என்ற செய்தியை எல்லாச் சாளரங்களுக்கும் அனுப்ப வேண்டும். எக்ஸ்ப்ளோரர் அதைக் கேட்டுத் தன் சூழலைப் புதுப்பித்துக்கொள்ளும், அதன் பிறகு தொடக்கப் பட்டியிலிருந்து திறக்கப்படும் நிரல்கள் புதிய மதிப்பைப் பெறும். ஏற்கெனவே திறந்திருக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கட்டளைச் சாளரம் பெறாது. லோக்கல் சிஸ்டம் என்ற இயங்குதளக் கணக்கில் பின்னணியில் இயங்கும் சர்வீஸ்களுக்குக் கணினி மறுதொடக்கம் ஆகும்வரை புதிய மதிப்பு தெரியாது. நிறுவியின் கடைசித் திரையில் ‘இப்போதே இயக்கு’ என்ற பெட்டியில் குறியிட்டால் திறக்கும் நிரல், நிறுவியே தொடங்கிய குழந்தைச் செயல்முறை என்பதால், நிறுவி சற்று முன் எழுதிய மாறியே அதற்குத் தெரியாமல் போகலாம். முதல் முறை தோல்வி, இரண்டாம் முறை சரி என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பெட்டியைத்தான்.

எல்லாப் பொது மாறிகளிலும் மிகப் பொதுவானது பாத். அதைத் தொடும் நிறுவி, தன் குடும்பத்து மென்பொருள்களோடு மட்டுமல்லாமல், அந்தக் கணினியிலுள்ள ஏறத்தாழ எல்லா நிரல்களோடும் ஒரு மாறியைப் பகிர்ந்துகொள்கிறது. அதில் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்ட கோப்புறைகள் வரிசையாக நிற்கின்றன; ஒரு கட்டளையைத் தட்டினால் முதலில் அகப்படும் கோப்புறையிலுள்ள நிரலே ஓடும். கணினிக்குரிய பாத் முதலிலும் பயனருக்குரிய பாத் அதன் பின்னும் ஒட்டப்பட்டே இறுதி மதிப்பு உருவாகிறது. மற்ற மாறிகளில் பயனரின் மதிப்பு கணினியின் மதிப்பை மறைத்துவிடும். பாத் மட்டும் இப்படி ஒட்டப்படுகிறது. அதனால், பயனர் கணக்கில் மட்டும் நிறுவப்பட்ட ஒரு புதிய பதிப்பு, கணினி முழுமைக்கும் நிறுவப்பட்ட பழைய பதிப்பைப் பாத் வழியாக முந்தவே முடியாது. இதை அறியாமல், பயனர் பாத்தின் முன்பகுதியில் தன் கோப்புறையைச் செருகிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கும் நிறுவிகள் உண்டு.

பாத்தைக் கெடுக்கும் வழிகளில் மிகக் கொடியது நீளத்தால் வருவது. விண்டோஸில் ஒரு சூழல் மாறி 32,767 எழுத்துகள்வரை நீளலாம். ஆனால் அதைத் தொடும் கருவிகளின் எல்லைகள் அதைவிட மிகக் குறுகியவை. செட்எக்ஸ் என்ற கட்டளை 1024 எழுத்துகளுக்கு மேல் உள்ளதை வெட்டிவிட்டு, ஒரு எச்சரிக்கையை மட்டும் அச்சிடும். நிறுவி பின்னணியில் ஓட்டும்போது அந்த எச்சரிக்கையை எந்தக் கண்ணும் பார்ப்பதில்லை. அதே கட்டளைக்குப் பாத்தின் தற்போதைய மதிப்பைக் கொடுத்து, கூடவே ஒரு கோப்புறையைச் சேர்த்து எழுதச் சொன்னால் இன்னொரு கேடும் நேரும்: கையிலிருக்கும் மதிப்பு கணினிப் பாத்தும் பயனர் பாத்தும் கலந்த கலவை என்பதால், கணினிக்குரிய கோப்புறைகள் எல்லாம் பயனர் பாத்திலும் போய்ப் படிந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் நிறுவல் குறிப்புகளில் இந்த ஒற்றை வரி இன்றும் தாராளமாகக் காணக்கிடைக்கிறது.

என்எஸ்ஐஎஸ் என்ற நிறுவி எழுதும் கருவியைக் கொண்டு உருவாக்கப்படும் நிறுவிகளில் இதைவிட நுட்பமான ஒரு பொறி இருக்கிறது. அதன் வழக்கமான கட்டமைப்பில் ஒரு எழுத்துச் சரம் 1024 எழுத்துகளுக்கு உட்பட்டது. ரெஜிஸ்ட்ரியில் உள்ள பாத் அதைவிட நீளமாக இருந்தால், படிக்கும் கட்டளை பிழைக்கொடியை உயர்த்திவிட்டு வெற்றுச் சரத்தைத் திருப்பித் தரும். நிறுவியை எழுதியவர் பிழைக்கொடியைப் பார்க்கவில்லை என்றால், அந்த வெற்றுச் சரத்தோடு தன் கோப்புறையை ஒட்டி ரெஜிஸ்ட்ரியில் திரும்ப எழுதுவார். பயனரின் பாத்தில் அந்த ஒரு கோப்புறையைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. எழுதியவரின் கணினியில் பாத் குட்டையாக இருந்ததால் சோதனையில் எல்லாம் சரியாகவே நடந்திருக்கும். ஏராளமான கருவிகளை நிறுவி வைத்திருக்கும் பயனர்தான், அதாவது பாத்தை அதிகம் நம்பியிருப்பவர்தான், அடிபடுவார். 8192 எழுத்துகளைத் தாங்கும் சிறப்புக் கட்டமைப்பும், சூழல் மாறிகளைக் கையாளுவதற்கென்றே எழுதப்பட்ட செருகுநிரல்களும் என்எஸ்ஐஎஸ்ஸுக்கு உண்டு. ஆனாலும், ‘படிக்க முடியவில்லை என்றால் எழுதாதே’ என்ற ஒரு நிபந்தனையைச் சேர்ப்பதே முதல் தற்காப்பு.

வகையையும் கவனிக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் எழுத்து மதிப்புகளுக்கு ரெக் எஸ்இசட், ரெக் எக்ஸ்பாண்ட் எஸ்இசட் என்ற இரண்டு வகைகள் உண்டு. இரண்டாவது வகையில் மட்டுமே, விழுக்காட்டுக் குறிகளுக்கு இடையே எழுதிய வேறொரு மாறியின் பெயர் அதன் மதிப்பாக விரிக்கப்படும். கணினிப் பாத்தின் தொடக்கத்தில் சிஸ்டம் ரூட் என்ற மாறி அப்படித்தான் அமர்ந்திருக்கிறது. அதை முதல் வகையாகத் திரும்ப எழுதிவிட்டால், விண்டோஸின் சொந்தக் கட்டளைகளே காணாமல் போனவை போலாகிவிடும். விரித்த மதிப்பைப் படித்து அதையே திரும்ப எழுதினால் உடனடிச் சேதம் இல்லை. ஆனால் நிர்வாகி வேண்டுமென்றே மாறிகளால் அமைத்து வைத்திருந்த பாதைகள் நிலையான எழுத்துகளாக உறைந்துவிடும். படித்த வகையிலேயே, விரிக்காத வடிவிலேயே திரும்ப எழுதுவதுதான் முறை.

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்புகளை இயக்கும், விண்டோஸின் சொந்த நிறுவல் அமைப்பான விண்டோஸ் இன்ஸ்டாலர், 1999இல் ஆபீஸ் 2000 தொகுப்போடு அறிமுகமான காலத்திலிருந்து, சில கோப்புகளையோ ரெஜிஸ்ட்ரி மதிப்புகளையோ ஒன்றாகக் கட்டிய கம்போனென்ட் என்ற அலகின் மீதே தன் கணக்கை வைத்திருக்கிறது. ஒவ்வொரு கம்போனென்ட்டுக்கும் ஜியுஐடி என்ற தனி அடையாள எண் உண்டு. ஒரே ஜியுஐடி கொண்ட கம்போனென்ட்டை இரண்டு தயாரிப்புகள் நிறுவினால், அதற்கு இரண்டு பயனாளிகள் இருக்கிறார்கள் என்று இன்ஸ்டாலர் குறித்துக்கொள்ளும். கடைசிப் பயனாளி நீங்கும்வரை கம்போனென்ட்டை அகற்றாது. சூழல் மாறிகளுக்கான என்விரான்மென்ட் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஏதாவதொரு கம்போனென்ட்டைச் சார்ந்தே நிற்கிறது. ஆக, இயங்குதளம் தராத கணக்கேடு இங்கே மறைமுகமாகக் கிடைத்துவிடுகிறது: பொது மாறியைத் தனியான ஒரு கம்போனென்ட்டில் வைத்து, இரண்டு தயாரிப்புகளிலும் அதே ஜியுஐடியோடு சேர்த்துவிட்டால், தொகுப்புக் கருவியை நீக்கும்போது மாறி அப்படியே இருக்கும், அச்சுக் கருவியும் நீங்கும்போதுதான் அழியும்.

நடைமுறையில் பெரும்பாலான குழுக்கள் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றன. ஒவ்வொரு தயாரிப்பின் முதன்மை நிரல் கோப்பு இருக்கும் கம்போனென்ட்டிலேயே மாறியையும் எழுதிவிடுகிறார்கள். முதன்மை நிரல்கள் வெவ்வேறானவை, அதனால் ஜியுஐடிகளும் வெவ்வேறு. இன்ஸ்டாலரின் பார்வையில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. மாறியின் பெயர் ஒன்றாக இருப்பதை அது பொருட்படுத்துவதில்லை. முதல் தயாரிப்பை நீக்கும்போது மாறி போய்விடுவதற்குக் காரணம் இதுவே. பொது மாறியை, பல எம்எஸ்ஐ தொகுப்புகளில் இணைக்கத்தக்க மெர்ஜ் மாட்யூல் ஒன்றிலோ, எம்எஸ்ஐ உருவாக்கும் கருவியான விக்ஸைப் பயன்படுத்துவோர் பொதுவான ஒரு ஃப்ராக்மென்ட் கோப்பிலோ எழுதி, இரண்டு திட்டங்களும் அதையே இணைத்துக்கொள்ளும்படி அமைப்பது நல்லது. ஜியுஐடியைப் படியெடுத்து ஒட்டினாலும் அதே பயன்தான். ஆனால் பின்னாளில் ஒரு திட்டத்தில் மட்டும் யாராவது அதை மாற்றிவிட்டால் கணக்கு ஓசையின்றி உடைந்துவிடும்.

அந்தக் கம்போனென்ட்டில் கோப்பு எதுவும் இல்லாததால் அதற்கு ஒரு கீபாத், அதாவது அது நிறுவப்பட்டிருக்கிறதா என்று இன்ஸ்டாலர் பார்க்கும் அடையாளம், தேவைப்படும். லோக்கல் மெஷின் கிளையில், நிறுவனத்தின் பெயருக்குக் கீழே சிறிய ரெஜிஸ்ட்ரி மதிப்பு ஒன்றை எழுதி அதையே கீபாத்தாகக் குறிப்பது வழக்கம். ஒரே ஜியுஐடி என்றால் உள்ளடக்கமும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது எம்எஸ்ஐயின் கண்டிப்பான விதி. இதில் எளிதில் தவறவிடும் ஒரு முனை இருக்கிறது. மாறியின் மதிப்பு, நிறுவலின்போது பயனர் தேர்ந்தெடுக்கும் கோப்புறையைப் பொறுத்தது என்றால், இரண்டாம் தயாரிப்பை வேறொரு வட்டில் நிறுவும் பயனர் மாறியையும் அங்கே திருப்பிவிடுவார். முதல் தயாரிப்பு தன் தரவைத் தவறான இடத்தில் தேடும். பொதுக் கோப்புறையின் இடத்தை முதல் நிறுவி ரெஜிஸ்ட்ரியில் பதிந்து வைக்க வேண்டும். இரண்டாவது நிறுவி தொடக்கத்திலேயே அதைத் தேடிப் படித்து, அங்கே இருப்பதையே ஏற்க வேண்டும். பயனரிடம் அந்த இடத்தைப் பற்றி மீண்டும் கேட்கக் கூடாது.

என்விரான்மென்ட் அட்டவணையில் மாறியின் பெயருக்கு முன்னால் இடும் குறிகள்தாம் அதன் நடத்தையை முடிவு செய்கின்றன. சமக்குறி இருந்தால், மாறி இல்லாவிட்டால் உருவாக்கும், இருந்தால் மதிப்பை மாற்றும். கூட்டல் குறி, இல்லாதபோது மட்டும் உருவாக்கும். கழித்தல் குறி, கம்போனென்ட் நீங்கும்போது மாறியையும் நீக்கும். அதை இடாவிட்டால் மாறி தங்கிவிடும். நட்சத்திரக் குறி, இது பயனருக்குரியது அல்ல, கணினிக்குரியது என்று சொல்லும். மதிப்பில் சதுர அடைப்புக்குறிக்குள் அலைக்குறி இட்டால், ‘ஏற்கெனவே இருக்கும் மதிப்பு இந்த இடத்தில்’ என்று பொருள். அதன் பின்னே அரைப்புள்ளியும் கோப்புறையும் வந்தால் இறுதியில் சேரும், முன்னே வந்தால் தொடக்கத்தில் சேரும். விக்ஸ் இவற்றைப் படிக்கத்தக்க பெயர்களில் தருகிறது என்றாலும், பார்ட் என்ற பண்பைக் குறிப்பிடாமல் விட்டால் முழு மதிப்பு என்றே எடுத்துக்கொள்ளும். பாத் மாறிக்கு அதை மறந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. எனவே பாத்தைத் தொடும் வரியை வேறொருவர் பார்க்காமல் வெளியிடக் கூடாது என்று எங்கள் குழுவில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

புதிய பதிப்புக்கு மாறும்போதும் இதே கணக்குதான் உதவுகிறது, அல்லது காலை வாருகிறது. எம்எஸ்ஐயின் மேஜர் அப்கிரேடு என்பது பழையதை நீக்கிப் புதியதை நிறுவுவதே. எது முதலில் என்பதை நிறுவியை எழுதுபவர் தீர்மானிக்கலாம். பழையதை முதலில் நீக்கினால், பாத்தின் நடுவில் இருந்த கோப்புறை போய், புதியது கடைசியில் வந்து சேரும். வரிசையை நம்பியிருந்தவர்களுக்கு அதே கட்டளையில் வேறு நிரல் ஓடத் தொடங்கலாம். புதியதை முதலில் நிறுவிப் பழையதைப் பின்னர் நீக்கினால், கம்போனென்ட்டின் ஜியுஐடி இடையில் மாறியிருக்கும் பட்சத்தில், புதியது அப்போதுதான் எழுதிய மாறியைப் பழையதன் நீக்கம் துடைத்துவிடும். ஜியுஐடி மாறாமல் இருந்தால் பயனாளிக் கணக்கு அதைக் காப்பாற்றும். இன்னொன்று: எம்எஸ்ஐ எழுதும் மாறி, நடந்துகொண்டிருக்கும் அதே நிறுவலுக்குத் தெரியாது. நிறுவலின் பின்பகுதியில் ஓடும் சிறப்புச் செயல் ஒன்று அந்த மாறியைப் படிக்க முயன்றால் பழைய மதிப்பைத்தான் காணும். அதற்குத் தேவையானதை நேரடியாக அளிக்க வேண்டும்.

இன்னோ செட்டப், என்எஸ்ஐஎஸ் போன்ற எழுத்துநிரல் வகை நிறுவிகளில் கம்போனென்ட் கணக்கு இல்லை. நாமே கட்ட வேண்டும். ஷேர்டு டிஎல்எல்ஸ் போல ஓர் எண்ணை வைத்துக் கூட்டிக் குறைக்கலாம் என்றே முதலில் தோன்றும். எண் எளிதில் பிசகும். பயனர் அதே தயாரிப்பின் மேல் மீண்டும் நிறுவினால் இருமுறை கூடிவிடலாம். நிறுவல் பாதியில் முறிந்தால் கூட்டியது குறையாமல் நிற்கும். பிறகு அந்த எண் சரியா என்று சோதிக்கவும் வழியில்லை. நான் பரிந்துரைப்பது பெயர்ப் பட்டியல். நிறுவனத்தின் ரெஜிஸ்ட்ரி கீயின் கீழ், அந்த மாறிக்கென ஒரு துணைக் கீ. மாறியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு தயாரிப்பும் தன் அடையாளத்தைப் பெயராகவும் தன் நிறுவல் இடத்தை மதிப்பாகவும் கொண்ட ஒரு பதிவை அங்கே எழுதும். எத்தனை முறை நிறுவினாலும் பதிவு ஒன்றுதான். நீக்கும்போது தயாரிப்பு தன் பதிவை அழித்துவிட்டு, மிஞ்சியிருப்பவற்றைப் பார்க்கும். அவற்றின் நிறுவல் இடங்கள் உண்மையில் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஒருவரும் இல்லையென்றால் மாறியையும் துணைக் கீயையும் அழிக்கும்.

அழிக்கும் முன் இன்னொரு சோதனையும் வேண்டும். மாறியின் இப்போதைய மதிப்பு, நாம் எழுதிய மதிப்பாகவே இருக்கிறதா? நிர்வாகி ஒருவர் பொதுத் தரவைப் பிணைய வட்டுக்கு மாற்றி, மாறியையும் அதற்கேற்பத் திருத்தியிருக்கலாம். அப்படியானால் அது நம்முடையது அல்ல. தொடாமல் விட வேண்டும். எழுதியபோது என்ன மதிப்பு எழுதினோம் என்பதையும் அந்தத் துணைக் கீயிலேயே குறித்து வைத்தால் ஒப்பிடுவது எளிது. பாத்திலும் இதே அணுகுமுறைதான்: முழு மதிப்பையும் நிறுவலுக்கு முன் சேமித்து வைத்து, நீக்கும்போது அதைத் திரும்ப வைப்பது பேரிடர், இடையில் மற்ற மென்பொருள்கள் சேர்த்தவை அனைத்தும் அழிந்துவிடும். இப்போதைய மதிப்பை அரைப்புள்ளிகளில் பிரித்து, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் இறுதிச் சாய்கோட்டையும் பொருட்படுத்தாமல் ஒப்பிட்டு, நம் கோப்புறையை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை அதே வரிசையில் எழுத வேண்டும். இன்னோ செட்டப்பில், ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் பழைய மதிப்போடு நம் கோப்புறையை ஒட்டி எழுதுவது ஓர் எளிய வரிதான். அதை நீக்கும் வேலையை மட்டும் நாமே பாஸ்கல் நிரலாக எழுத வேண்டும். அந்தப் பகுதியில் மதிப்பை முழுவதுமாக அழிக்கும் கொடி ஒன்று உண்டு. பாத்துக்கு அதைப் போட்டுவிட்டால் நீக்கத்தின்போது பாத் முழுவதும் போய்விடும்.

மதிப்பு ஒன்றாக இருந்தால்தான் மேலே சொன்ன கணக்கெல்லாம் பொருந்தும். ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகள் அருகருகே இருந்து, இரண்டும் ஒரே மாறியில் தத்தம் கோப்புறையை எழுதினால், கடைசியாக நிறுவியதே வெல்லும். அதை நீக்கினால் முந்தைய பதிப்பு இருக்கிறதே, அதற்குத் திரும்புவதா, மாறியை அழிப்பதா? ஜாவா நிறுவப்பட்ட இடத்தைக் காட்டும் ஜாவா ஹோம் மாறியைச் சுற்றி நடப்பது பெரும்பாலும் இந்தச் சண்டைதான். பெயரிலேயே பதிப்பெண்ணைச் சேர்ப்பது ஒரு வழி. வரைகலைச் செயலிகளில் கணிப்பதற்கான கூடா கருவித்தொகுப்பு, கூடா பாத் என்ற பொது மாறியோடு ஒவ்வொரு பதிப்புக்கும் தனி மாறியையும் வைக்கிறது. குறிப்பிட்ட பதிப்பு தேவைப்படும் நிரல் அதைப் படித்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தொகுப்பான விஷுவல் ஸ்டுடியோவும் 2015 பதிப்புவரை பதிப்பெண் கொண்ட மாறிகளைக் கணினி முழுமைக்கும் எழுதிக்கொண்டிருந்தது. 2017 பதிப்பு, ஒரே கணினியில் பல தொகுப்புகளாக நிறுவத்தக்கதாக மாறியபோது, அந்த வழக்கத்தைக் கைவிட்டது. எங்கே நிறுவப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்ல விஎஸ்வேர் என்ற சிறு கருவி வந்தது. கேட்டால் பதில் சொல்லும் கருவிக்குப் பல பதில்கள் இருக்கலாம். மாறிக்கு ஒரே மதிப்புதான். எனக்கு அந்த மாற்றம் மிகவும் நியாயமாகப் பட்டது.

பிறருடைய பெயர்களில் எழுதுவது இதைவிட மோசமான பகிர்வு. தன்னுள் பைத்தான் நிரல்மொழியைப் பொதிந்து வரும் ஒரு மென்பொருள், பைத்தான் ஹோம் மாறியைக் கணினி முழுமைக்கும் எழுதினால், அங்கிருக்கும் மற்ற எல்லாப் பைத்தான்களும் தங்கள் அடிப்படைத் தொகுதிகளை அந்நியமான இடத்தில் தேடித் தொடக்கத்திலேயே விழுந்துவிடும். க்யூடி என்ற இடைமுக நூலகத்துக்குரிய க்யூடி ப்ளக்இன் பாத் மாறியும் அப்படியே: வேறு பதிப்பு க்யூடியில் எழுதப்பட்ட நிரல்கள் பொருந்தாத செருகுநிரல்களை ஏற்ற முயன்று திறக்காமல் போகும். புவியியல் தரவுகளோடு வேலை செய்பவர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்புகள் ப்ராஜ் என்ற ஆயத்தொலை நூலகத்தின் ப்ராஜ் லிப் மாறியை எழுதிக்கொள்வதால் வரும் பதிப்பு மோதலை நன்கு அறிவார்கள். இந்த மாறிகள் எல்லாம் அந்தந்த நூலகங்களின் பொது வாசல்கள். ஒரு தயாரிப்பின் நிறுவி அவற்றைக் கணினி அளவில் எழுத நியாயமான காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை. தன் நிரலைத் தொடங்கும் சிறு தொடக்கியில், அந்தச் செயல்முறைக்கு மட்டும் மாறியை அமைத்தால் போதும். தனக்கென்று பொது மாறி தேவைப்பட்டால், நிறுவனத்தின் பெயரை முன்னொட்டாகக் கொண்ட பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும்.

லினக்ஸ் உலகில் இந்தச் சிந்தனை விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் கொள்கை ஆவணம், கணினிப் பாத்தில் நிறுவப்படும் நிரல்கள் இயல்பான நடத்தைக்குச் சூழல் மாறிகளை நம்பியிருக்கக் கூடாது என்கிறது. தேவைப்பட்டால் மாறியை அமைத்து உண்மையான நிரலை அழைக்கும் உறை ஒன்றை வைக்கச் சொல்கிறது. உள்நுழையும்போது படிக்கப்படும் பொது ப்ரொஃபைல் கோப்பில் பிற பொதிகள் (நிறுவத்தக்க மென்பொருள் தொகுப்புகள்) எதையும் எழுதுவதைத் தடுக்கிறது. கடுமையாகத் தோன்றினாலும், பொதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஓர் அமைப்பு ஒழுங்காக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேக் இயங்குதளத்தில் எட்சி கோப்புறையின் கீழ் பாத்ஸ் டி என்ற கோப்புறை இருக்கிறது. ஒவ்வொரு தயாரிப்பும் அங்கே தன் பெயரில் ஒரு சிறு கோப்பை வைத்தால், கட்டளைகளை ஏற்கும் ஷெல் தொடங்கும்போது பாத் ஹெல்ப்பர் என்ற நிரல் அவற்றையெல்லாம் தொகுத்துப் பாத்தை உருவாக்கும். பகிரப்படும் ஒரு சரத்தை யாரும் திருத்துவதில்லை. நீக்குவது தன் கோப்பை அழிப்பதோடு முடிந்தது. லினக்ஸின் ப்ரொஃபைல் டி கோப்புறையும் இதே வழியில் அமைந்ததுதான், ஆனால் பொதுவாக உள்நுழைவு ஷெல்களே அதைப் படிக்கும் என்பதால், குறித்த நேரத்தில் ஓடும் க்ரான் வேலைகளும் பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ்களும் அதில் எழுதியதை அறியா. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் இதற்கு ஈடான ஏற்பாடு மாறிகளுக்கு இல்லை. ஆப் பாத்ஸ் என்ற கீ மட்டும் ஓரளவு நெருங்கி வருகிறது: நிரலின் பெயரையும் முழு இடத்தையும் அங்கே பதிந்தால், ரன் பெட்டியிலிருந்து பெயரைச் சொல்லி அழைக்கலாம், பாத்தைத் தொடத் தேவையில்லை. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் நேரடியாகத் தட்டினால் அது உதவாது என்பது குறை.

பயனர் அளவா, கணினி அளவா என்ற தேர்வில் ஒரு பொறியை மட்டும் சொல்லிவிடுகிறேன். நிர்வாக உரிமை இல்லாத பயனர் நிறுவியை ஓட்டும்போது, வேறொரு நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்து அனுமதி பெற்றால், அதன்பின் நிறுவிக்குக் கரண்ட் யூசர் என்பது அந்த நிர்வாகிதான். பயனர் மாறி என்று நினைத்து எழுதியது நிர்வாகியின் கணக்கில் போய் அமரும். உண்மையான பயனருக்கு ஒன்றும் கிடைக்காது. பின்னர் பயனரே நீக்கினாலும் அது அங்கேயே இருக்கும். உரிமையை உயர்த்தி ஓடும் நிறுவி கணினி மாறிகளை மட்டும் எழுத வேண்டும். பயனர் மாறிகளை எழுதும் நிறுவி உரிமையை உயர்த்தாமல் ஓட வேண்டும். இரண்டையும் கலக்கும் நிறுவியின் பயனாளிக் கணக்கை எந்தப் பெயர்ப் பட்டியலாலும் சரியாக வைத்திருக்க முடியாது.

இவற்றையெல்லாம் வெளியீட்டுக்கு முன் எப்படிச் சோதிப்பது என்பதற்கு நான் பின்பற்றும் ஒரு வரிசை உண்டு. சுத்தமான மெய்நிகர் கணினியில், முதலில் பாத்தை வேண்டுமென்றே 2000 எழுத்துகளுக்கு மேல் நீட்டி, அதில் விரிக்கப்படாத மாறிப் பெயர் ஒன்றையும் இடைவெளி உள்ள கோப்புறை ஒன்றையும் சேர்த்து, என்விரான்மென்ட் கீயை ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்வேன். பிறகு முதல் தயாரிப்பு, இரண்டாம் தயாரிப்பு, முதலாவதை நீக்கல், இரண்டாவதைத் திறந்து பார்த்தல், அதையும் நீக்கல். கடைசியில் கீயை மீண்டும் ஏற்றுமதி செய்து பழையதோடு ஒப்பிடல். அடுத்து, இரண்டாவதை முதலில் நீக்கும் எதிர்வரிசை. பின்னர் முதலாவதன் பழைய பதிப்பை நிறுவி, இரண்டாவதையும் நிறுவி, முதலாவதைப் புதிய பதிப்புக்கு உயர்த்தி, பிறகு நீக்கிப் பார்ப்பது. பிழைகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வரிசையில்தான் வெளிப்படும். ஒவ்வொரு படிக்கும் புதிய கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரத்தில் பார்த்தால் பழைய நகலைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதிவிடுவோம். ஏற்றுமதிக் கோப்புகளை ஒப்பிடும்போது மதிப்புகளோடு வகைகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். ரெக் எக்ஸ்பாண்ட் எஸ்இசட் வகை மதிப்பு அந்தக் கோப்பில் பதினறும எண்களாக வருவதால், வகை மாறியிருந்தால் அந்த வரி முழுவதுமே வேறு வடிவில் தெரியும்.